முகத்தைப் பார்த்து உண்ணாதீர்கள், கேட்டு உண்ணுங்கள்

(வெளிநாடு செல்லும் வியாபாரிகளுக்கு ஒரு பாடம்)



நமது சங்கப் பத்திரிகையில் தொழுகையைப் பற்றியும், ஸக்காத்தைப் பற்றியும், கணக்கு வைக்கும் முறையைப் பற்றியும் ஆலிம்களும் அனுபவஸ்தர்களும் எழுதி வருகிறார்கள். நானோ மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்ததோடு கடைக்கு வந்துவிட்டவன். பெரிய விஷயங்களை எழுத எனக்குத் தகுதியில்லை. ஆயினும் ஸபர் போய்ச் சரக்கு எடுத்து வருகிற வியாபாரிக்கு நாளொன்றுக்கு மூன்று வேளை நேருகிற ஒரு சங்கடம் உண்டு. அதைப் பற்றி என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை சொல்லலாம் என்று துணிந்தேன். அது சாப்பாட்டு விஷயம்.

இதை இப்பொழுது எழுதக் காரணமும் உண்டு. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து மலேசியக் குடிமக்கள் விசா இல்லாமலே சீனாவுக்குப் போகலாம் என்று ஆயிற்று. 2025 ஜூலை 17 முதல் 30 நாள் வரை தங்கலாம் என்றும் ஏற்பட்டுவிட்டது. முன்பு நம்மில் சிலர் மட்டுமே குவாங்சௌவுக்குப் போய் வந்தோம். இப்பொழுதோ பினாங்கில் சிறு கடை வைத்திருப்பவரும் பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறார். அந்த ஊரைத்தான் நம் பெரியவர்கள் கான்டன் என்பார்கள். அங்கே 1957 முதல் ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், பெரிய வியாபாரச் சந்தை கூடுகிறது. துணிக்குப் பாங்காக் போகிறவர்களும் நம்மில் அநேகர். சரக்கின் தரத்தையும் விலையையும் பற்றி ஆயிரம் விசாரித்துவிட்டுப் போகிற நாம், சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒன்றும் விசாரிக்காமல் போகிறோம்.

நம் ஊர்ப் பழக்கம்

முதலில் நம்மிடமுள்ள ஒரு பழக்கத்தைக் கவனிக்க வேண்டும். பினாங்கில் நாம் எப்படிச் சாப்பிடுகிறோம்? சூலியா தெருவிலோ, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியோ பசித்தவுடன் ஒரு கடைக்குள் நுழைகிறோம். சோறு போடுகிறவர் நம் ராமநாதபுரத்து ஆளாகவோ, கடையநல்லூர் ஆளாகவோ இருக்கிறார். உட்கார்ந்து விடுகிறோம். மலாய்க்காரர் கடையானாலும் அப்படியே. சீனர் கடையானால் தேநீர்கூட வேண்டாமென்று ஒதுங்கி விடுகிறோம். அதாவது, முகத்தைப் பார்க்கிறோம், தீர்மானித்து விடுகிறோம். வாயைத் திறந்து கேட்பதேயில்லை.

இந்த வழக்கம் நமக்கு எப்படி வந்தது என்றால், நம் முன்னோர்கள் இங்கே பாடுபட்டுச் சோற்றுக் கடைகளை நாட்டி வைத்துப் போனதால் வந்தது. காவடி போல ஒரு கம்பின் இரு முனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, துறைமுகத்துக் கூலியாட்களுக்கு விற்றவர்கள் நம் ஆட்கள். அந்தக் கம்பின் பெயரால்தான் நாசி கண்டார் என்ற பெயரே உண்டாயிற்று. கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா கடை 1907-ல் ஆரம்பமானது. இப்படி நூறு வருஷத்துக்கு மேலாக நம் கண்முன்னே சோறு இருந்ததால், கேட்க வேண்டிய அவசியமே நமக்கு ஏற்படவில்லை. இது அல்லாஹ் நமக்குச் செய்த பேருதவி. ஆனால் அந்த வசதியே நம்மைக் கேட்கத் தெரியாதவர்களாக ஆக்கி வைத்திருக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு நேர்ந்தது

2014-ஆம் வருஷம் முதன் முறையாகத் துணி எடுக்கக் குவாங்சௌ போனேன். என் லாத்தாவின் கணவர், மச்சான், துணைக்கு வந்திருந்தார். இறங்கிய அன்று மத்தியானம் நல்ல பசி. தங்கிய இடத்துக்கு அருகில் ஒரு சிறிய கடை. வாசலில் பெரிய அண்டாவில் மாட்டெலும்புச் சாறு கொதிக்கிறது. உள்ளே ஓர் இளைஞர் மாவை இழுத்து இழுத்து நூல் போலாக்கிக் கொண்டிருக்கிறார். தலையில் வெள்ளைத் தொப்பி. பலகையில் சீன எழுத்தோடு அரபியில் ஹலால் என்றும் எழுதியிருந்தது.

மச்சான், "இங்கேயே சாப்பிடலாமே" என்றார்.

நான் சொன்னேன்: "என்ன மச்சான் இப்படிச் சொல்றீங்க? சீனன் தொப்பி போட்டால் முஸ்லிமாகி விடுவானா? அரபு எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம்."

அந்த இளைஞர் எங்களைப் பார்த்துச் சிரித்த முகத்துடன் ஸலாம் சொன்னார். நான் அதற்குப் பதிலும் சொல்லாமல் மச்சானை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை தென்பட்டது. பரிமாறியவர் நம் முகம். பேசியது நம் தமிழ். மனம் குளிர்ந்து போயிற்று. ஆட்டுக்கறிப் பிரியாணி சொல்லி, வயிறு நிறையச் சாப்பிட்டோம். பணம் கொடுக்க எழுந்தபொழுது அடுக்களைக் கதவு திறந்தது. ஒரே பலகையில் ஒரே கத்தியால் எல்லா இறைச்சியும் வெட்டப்படுகிறது. பக்கத்து மேஜைக்குப் பன்றி இறைச்சித் தட்டு போகிறது. எனக்குத் தலை சுற்றியது. "தம்பி, இது ஹலால் கடை இல்லையா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை எந்தக் கபடமும் இல்லாமல், "இல்லையே பாய். நீங்க கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்றார்.

அவர் மீது என்ன குற்றம்? அவர் ஹலால் என்று பலகை மாட்டவில்லை, பொய்யும் சொல்லவில்லை. என் ஊர் முகத்தை நம்பி நானாகப் போய் உட்கார்ந்தேன். ஸலாம் சொன்ன முஸ்லிமை விட்டு ஓடி, கேட்காமல் சாப்பிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குவாங்தா சாலையிலுள்ள ஹுவாய்ஷெங் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குப் போனோம். சீனாவின் மிகப் பழமையான பள்ளிவாசல்களில் ஒன்று அது. அதன் பெயரை நபித்தோழர் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களோடு சேர்த்துச் சொல்வது அவ்வூர் மக்கள் வழக்கு. சுமார் 36 மீட்டர் உயரமுள்ள அதன் மினாரா, முன்காலத்தில் நதியில் வரும் கப்பல்களுக்கு அடையாள விளக்காகவும் இருந்ததென்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஸஃப் ஸஃபாகச் சீன முகங்கள், வெள்ளைத் தொப்பிகள். நடுவே ஆப்பிரிக்கரும் அரபியரும் நாங்களும். என் பக்கத்தில் நின்றவர் நேற்றுப் பார்த்த அந்த இளைஞர்தானா, வேறொருவரா, என்னால் சொல்ல முடியவில்லை. யாராயிருந்தாலும் என் தோளோடு தோள் நின்றவர் என் சகோதரர். தொழுகையை விட்டு வெளியே வந்தபின் வெட்கத்தால் மச்சானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரே அந்தக் கடைக்குப் போனோம். முதலில் நான் ஸலாம் சொன்னேன். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊர் திரும்பும் வரை மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

இந்தப் பாடத்தை நான் அதிக விலை கொடுத்து வாங்கினேன். உங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கட்டும் என்றே, அதற்குப் பிறகு போய் வந்த பயணங்களில் கற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எங்கே தேடுவது

அந்நிய ஊரில் சோறு தேடுகிறவன் முதலில் பள்ளிவாசலைத் தேட வேண்டும். முஸ்லிம்கள் கூடுமிடத்தில் அவர்கள் உண்ணுமிடமும் இருக்கும். குவாங்சௌவில் ஷியாவ்பெய் என்ற பகுதியில் அரபு, ஆப்பிரிக்க வியாபாரிகள் அதிகம். அங்கே முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. பாங்காக்கில் சரோன் குருங் சாலைப் பக்கம் ஹாரூன் பள்ளிவாசலும், சீலோம் சாலை 20-ஆம் சந்தில் மீராசுத்தீன் பள்ளிவாசலும் இருக்கின்றன. அவற்றை ஒட்டிச் சோற்றுக் கடைகளைக் காணலாம். தொழுத பின் அங்குள்ளவரிடம் ஸலாம் சொல்லி, சாப்பிடுவது போலக் கையைக் காட்டினால் போதும். பாஷை தெரியாவிட்டாலும் கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள். நான் இதுவரை ஏமாந்ததில்லை.

2. பலகையில் எதைப் பார்ப்பது

நம் நாட்டில் ஹலால் சான்றிதழ் பெறுவது கட்டாயமில்லை. ஆனால் அந்தச் சான்றைக் கொடுக்கும் அதிகாரம் 2012 முதல் ஜாக்கிமுக்கும் மாநில இஸ்லாமிய மன்றங்களுக்கும் மட்டுமே உண்டு. "பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று எழுதிய பலகை வேறு. ஹலால் சான்று வேறு. பன்றி இல்லாத கடையில் கோழி எப்படி அறுக்கப்பட்டது, குழம்பில் மது சேர்ந்ததா என்பதை அந்தப் பலகை சொல்லாது. இந்த வித்தியாசத்தை நம் பிள்ளைகள்கூட அறிவதில்லை.

தாய்லாந்தில் மத்திய இஸ்லாமிய மன்றம் ஹலால் முத்திரை வழங்குகிறது. வைரக் கட்டம் போன்ற நாற்கோண வடிவில், நடுவே அரபு எழுத்துடன் இருக்கும். பொட்டலத்தில் அடைத்து விற்கும் பண்டங்களில் இதைப் பார்த்து வாங்கலாம்.

சீனாவில் கவனிக்க வேண்டிய சொல் "ச்சிங் ஜென்" என்பதாகும். தூய்மை, உண்மை என்று பொருள்படும் இரண்டு எழுத்துக்கள் அவை. முஸ்லிம் சாப்பாட்டுக்கு அந்நாட்டு மக்கள் நெடுங்காலமாக வழங்கும் பெயர் அதுவே. முன்பு இவ்வெழுத்துக்களோடு அரபியும் சேர்ந்திருக்கும். ஆனால் 2019-ல் பெய்ஜிங் நகர அதிகாரிகள் சாப்பாட்டுக் கடைப் பலகைகளிலுள்ள அரபு எழுத்தை எடுக்கச் சொன்னார்கள். மற்ற ஊர்களிலும் இவ்வாறு நடந்தது. ஆகவே அரபு எழுத்து இல்லையே என்று நல்ல கடையை விட்டுவிடக் கூடாது. அந்த இரண்டு சீன எழுத்துக்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, கண்ணில் பதிய வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

நூல் போன்ற இழுத்த மாவுக் கடைகளை அங்கு லான்சௌ மாட்டிறைச்சி மீ கடை என்பார்கள். லான்சௌ என்பது சீனாவின் வடமேற்கிலுள்ள கான்சு மாநிலத்துத் தலைநகர். கடைக்காரர்களில் பெரும்பாலோர் அதற்கு அடுத்த ச்சிங்ஹாய் மாநிலத்திலிருந்து வந்த ஹூய் முஸ்லிம்கள். வம்ச வம்சமாக முஸ்லிம்கள். நாம் காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் பற்றிப் பெருமை பேசுவது போல அவர்களுக்கும் பெருமைப்படப் பழைய வரலாறு உண்டு. ஆனாலும் அதே பெயரில் பிறரும் கடை வைப்பதுண்டு. ஆகவே அங்கும் முகத்தையும் பெயரையும் மட்டும் நம்பாமல் கேட்டுக்கொள்வதே முறை.

3. எப்படிக் கேட்பது

நம்மில் அநேகர் வெட்கத்தினால் கேட்பதில்லை. சிலர் கேட்கும்போது போலீஸ்காரர் போல அதட்டிக் கேட்கிறார்கள். இரண்டும் தவறு. ஸலாம் சொல்லிச் சிரித்த முகத்துடன் கேட்க வேண்டும். பதில் ஸலாம் எப்படி வருகிறதென்பதிலிருந்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சீன பாஷையில் ஒரு நுட்பத்தை அறிந்து கொள்ளுங்கள். அடைமொழி இல்லாமல் "இறைச்சி" என்று சொன்னால் அங்கே பன்றி இறைச்சி என்றுதான் பொருள்படும். மாடு, ஆடு, கோழி என்றால் தனியாகச் சொல்லுவார்கள். ஆகவே, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டு, "இறைச்சிதான்" என்று பதில் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். "வோ பூ ச்சர் ஜூ ரோ" என்றால் "நான் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டேன்" என்று அர்த்தம்.

நம் பினாங்கு வியாபாரிகளுக்குப் பசாரில் பேசும் அளவுக்கு ஹொக்கியன் பேச்சுத் தெரியும். அந்தத் தைரியத்தில் குவாங்சௌவில் பேசினால் யாருக்கும் விளங்காது. அங்கே பேசுவது கான்டனியமும் மாண்டரினும். ஆனால் வாய்ப்பேச்சு வேறானாலும் எழுத்து ஒன்றே. ஆகவே புறப்படுமுன் பக்கத்துக் கடைச் சீனத் தவுக்கையிடம் போய், "நான் முஸ்லிம். பன்றி இறைச்சி, பன்றிக் கொழுப்பு, மது எதுவும் சேர்ந்த உணவை உண்ணமாட்டேன். தயவு செய்து உதவுங்கள்" என்று ஓர் அட்டையில் எழுதித் தரும்படி கேளுங்கள். என் கடைக்கு அடுத்த கடைத் தவுக்கை எழுதிக்கொடுத்த அட்டை இன்றும் என் பணப்பையில் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு, "பாய், இருபது வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறோம், இன்றைக்குத்தான் நீங்கள் இதை என்னிடம் பேசினீர்கள்" என்றார். கேட்பதனால் மனிதர்கள் நெருங்குகிறார்களே தவிர விலகுவதில்லை.

தாய் பாஷையில் பன்றிக்கு "மூ" என்று பெயர். "மை கின் மூ" என்றால் பன்றி சாப்பிடமாட்டேன் என்பதாம். "மை ஸை மூ" என்றால் பன்றி போடாதே என்பதாம். கடைசியில் "க்ராப்" என்று சேர்த்தால் ஆண்கள் பேசும் மரியாதைச் சொல்லாகும். ஆனால் பன்றி போடாதே என்று சொன்னதனாலேயே ஹலால் ஆகிவிடாது. அதே சட்டியில் முன்பு என்ன பொரித்தார்கள் என்பது நமக்குத் தெரியாதல்லவா?

4. கண்ணுக்குத் தெரியாதவை

பன்றி இறைச்சி கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து ஒதுங்குவது சுலபம். தெரியாமல் உள்ளே போகிறவைதான் ஆபத்து. கீரையைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது சீனச் சமையலில் உண்டு. மீ, கஞ்சி முதலியவற்றுக்கு எலும்புச் சாறு ஊற்றுவார்கள். அது எந்த எலும்பு என்று கேட்க வேண்டும். மீனின் கவுச்சி போக அரிசி மது தெளிப்பது வழக்கம். ரொட்டி, அப்பம், இனிப்புப் பண்டங்களின் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. ஆகவே, "மரக்கறிதானே, மீன்தானே, ரொட்டிதானே" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

முஸ்லிம் கடை கிடைக்காத இடத்தில் நான் மூன்று வழி வைத்திருக்கிறேன். முதலாவது, தோலுரிக்காத பழமும் ஓட்டோடு அவித்த முட்டையும். இரண்டாவது, பௌத்தர்களின் சைவச் சாப்பாட்டுக் கடை. தாய்லாந்தில் இதற்கு "ஜே" என்று பெயர். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்துப் போட்ட கொடி தொங்கும். இறைச்சி, முட்டை, பால், மது ஒன்றும் அவர்கள் சேர்ப்பதில்லை. வாத்து, கோழி என்று பெயர் போட்டிருந்தாலும் அது மாவிலும் சோயாவிலும் செய்ததே. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். மூன்றாவது, சொல்லிச் செய்விக்கும் மீன்: மது வேண்டாம், கொழுப்பு வேண்டாம், ஆவியில் அவித்துத் தா என்று அட்டையைக் காட்டிக் கேட்பது.

கூட வருகிறவர்களையும் கவனிக்க வேண்டும். நம்மில் ஷாஃபிஈ மத்ஹபினர் பொதுவாகக் கணவாய், சிப்பி முதலியவற்றை உண்பார்கள். ஹனஃபி மத்ஹபினர் கடல் பிராணிகளில் மீனோடு நிறுத்திக்கொள்வார்கள். மரைக்காயரும் ராவுத்தரும் ஒரே மேஜையில் உட்காரும்போது, ஒருவர் கேட்காமலே எல்லாருக்குமாகக் கணவாய் சொல்லிவிட்டு மற்றவரைப் பட்டினி போடக் கூடாது. இங்கும் கேட்பதே முறை.

5. வியாபாரி அழைக்கும் விருந்து

சரக்கு பேசி முடித்ததும் சீன வியாபாரி விருந்துக்கு அழைப்பார். இதுதான் பெரிய சோதனை. மறுத்தால் அவர் மனம் நோகும்; போனால் நம் மார்க்கம். அநேகர் வயிற்று வலி என்று பொய் சொல்லித் தப்புகிறார்கள். பொய்யும் ஹராம் அல்லவா?

நான் இப்பொழுது செய்வது இதுதான். முதல் நாள் காலையில், விலை பேசுமுன்பே, "நான் முஸ்லிம், முஸ்லிம் கடையில்தான் சாப்பிடுவேன். ஒரு நல்ல கடை பார்த்து வைத்திருக்கிறேன், மத்தியானம் நீங்கள் என்னுடன் வர வேண்டும்" என்று நானே அழைத்து விடுகிறேன். நாம் அழைத்தால் இடத்தை நாம் தீர்மானிக்கலாம். அவருக்கும் கௌரவம். பணம் கொடுக்கும்போது அவரே கொடுக்க முந்துவார்; ஒருமுறை நாம், ஒருமுறை அவர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

முன்பே சொல்ல வாய்க்காமல் அவர் ஏற்பாடு செய்த விருந்தில் போய் உட்கார்ந்து விட்டால், முகத்தைச் சுளிக்காதீர்கள். மேஜையில் இருப்பதைப் பார்த்து அருவருப்புக் காட்டாதீர்கள். அவர் நமக்கு விஷம் வைக்கவில்லை. தம் வீட்டில் உயர்வானது என்று எண்ணியதை வைத்திருக்கிறார். பழத்தையும் தேநீரையும் எடுத்துக்கொண்டு, அட்டையைக் காட்டி, மன்னிக்கச் சொல்லுங்கள். மதுக் கோப்பை உயர்த்தும் வேளையில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் உயர்த்துங்கள்; அது மரியாதைதான். தேநீர் ஊற்றும்போது இரண்டு விரலால் மேஜையை மெல்லத் தட்டினால், கான்டன் வழக்கத்தில் நன்றி என்று அர்த்தம். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவது போலிருக்கிறது என்று அவர்கள் அபசகுனமாக எண்ணுவார்கள். நம் வழக்கத்தை அவர் மதிக்க வேண்டுமென்று எதிர்பார்க்கிற நாம் அவர் வழக்கத்தையும் அறிந்து நடக்க வேண்டும்.

6. சில்லறை விஷயங்கள்

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். சீனாவில் தங்கும் அறையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரம் அநேகமாக இருக்கும். கொதித்த நீரைக் குடிப்பது அந்த மக்களின் வழக்கமும்கூட. சுடச்சுடச் சமைத்ததைச் சாப்பிடுங்கள். ஆறிக் கிடப்பதைத் தொடாதீர்கள். ஊரிலிருந்து பிஸ்கோத்து, பேரீச்சம்பழம் எடுத்துப் போங்கள். ஆனால் வீட்டில் செய்த செருண்டிங் போன்ற இறைச்சிப் பண்டங்களைச் சீனாவுக்குக் கொண்டு போக வேண்டாம். அவை அங்கே கொண்டுவரக் கூடாத பொருள்கள், சுங்கத்தார் எடுத்து விடுவார்கள்.

அங்கே சிறு கடைகளில்கூட அலிபே, வீசாட் என்று கைப்பேசியில்தான் பணம் கொடுக்கிறார்கள். வெளிநாட்டு வங்கி அட்டைகளையும் அவற்றில் இணைக்கும் வசதி 2023-ல் விரிவாக்கப்பட்டது. புறப்படுமுன் பிள்ளைகளிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள். விலை எழுதாத பண்டத்தைச் சாப்பிடுமுன் விலை கேளுங்கள். நம் ஊர் நாசி கண்டார் கடையில் பெரிய இறாலை விலை கேட்காமல் தட்டில் போட்டுக்கொண்டு, பிறகு முகம் சிவக்கிற வெளியூராரை நாம் பார்த்ததில்லையா? அங்கே நாம்தான் வெளியூரார்.

7. நிர்ப்பந்தமும் தவறுதலும்

பசியால் உயிருக்கே ஆபத்து என்ற நிர்ப்பந்தத்தில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது என்பதை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். ஆனால் பழக்கடையும் முட்டைக் கடையும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில் அந்தச் சலுகைக்கு வேலையில்லை. நாக்கின் ஆசை நிர்ப்பந்தமாகாது. அறியாமல் உண்டுவிட்டால், தெரிந்த உடனே நிறுத்தி, வாயைக் கழுவி, தௌபாச் செய்து, அடுத்த முறை கேட்டு உண்ண வேண்டும். அதையே எண்ணி எண்ணி மனம் உடைய வேண்டியதில்லை. சந்தேகமிருந்தால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நானும் ஊர் திரும்பியதும் அப்படித்தான் செய்தேன்.

நாமும் பதில் சொல்ல வேண்டியவர்கள்

கடைசியாக ஒன்று. ஜார்ஜ் டவுனை 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. அதன்பின் உலகத்தார் பலரும் நம் தெருக்களுக்கு வந்து நம் சோற்றைச் சாப்பிடுகிறார்கள். நம்மில் பலர் சாப்பாட்டுக் கடை முதலாளிகள். சீன முகமுள்ள ஒருவர் நம் கடைக்குள் வந்து ஸலாம் சொன்னால், அவரை மேலும் கீழும் பார்க்காதீர்கள். எனக்கு ஸலாம் சொன்ன இளைஞரின் ஊர்க்காரராக இருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த இந்து சகோதரர் ஒருவர், "பாய், இந்தக் குழம்பில் மாட்டுக்கறிக் கரண்டி பட்டதா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். பல குழம்பையும் கலந்து ஊற்றுவது நம் கடை வழக்கம். பட்டது என்றால் பட்டது என்று சொல்லுங்கள். வேறு கரண்டியால் தனியே எடுத்துக் கொடுங்கள். ஒரு தட்டுச் சோற்றின் விலை நஷ்டமானாலும் பெரிதில்லை. நம்மை நம்பிக் கேட்டவரை ஏமாற்றினால், அந்நிய ஊரில் நாம் கேட்கும்போது நமக்கு உண்மையான பதில் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன முகம் இருக்கிறது?

அந்தத் தமிழ்ப் பிள்ளை சொன்ன "நீங்க கேட்கவே இல்லையே பாய்" என்ற வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது. ஸபர் புறப்படுகிற சகோதரர்களே, பாஸ்போர்ட்டையும் பணத்தையும் எடுத்து வைக்கும்போது அந்த அட்டையையும் எடுத்து வையுங்கள். போகிற இடத்தில் ஸலாம் சொல்லுங்கள், கேளுங்கள், கேட்டு உண்ணுங்கள். உங்கள் கடைக்கு வந்து யாரேனும் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருடைய பிரயாணத்தையும் ஹலாலான ரிஜ்க்கையும் லேசாக்கி வைப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.